மடை திருப்பிய மந்திரி

முன்னொரு காலத்தில், வெயில் காய ஆரம்பித்தால் காக்கைகூட நிழல் தேடி அரண்மனைக்குள் வந்துவிடும் கானப்பேட்டை என்ற நாட்டை மகுடகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் நினைத்தது நினைத்தபடி உடனே நடந்தாக வேண்டும். அவர் கோபத்துக்கு ஒரே மருந்து அரண்மனைத் தோட்டம். முல்லைப் பந்தலின் கீழ் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், புலி பசுவாகிவிடும்.

அந்த வருஷம் சித்திரை வெயில் நெருப்பாய்க் கொட்டியது. தோட்டத்துக் கிணற்றில் வற்றாத ஊற்று உண்டு. ஆனால் ஆழம் அதிகம். கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் மாடுகள் தீவனமில்லாமல் எலும்பும் தோலுமாகி நடக்கவே தள்ளாடின. தோட்டம் வாடியது. ராஜாவின் முகமும் வாடியது.

அரண்மனை மேற்பார்வையாளர் சங்கரநயினார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "அரசே, ஊர்க்குளத்து மதகைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் தோட்டம் நிறைந்துவிடும்!"

"அது ஊர் குடிக்கிற தண்ணீர்" என்றார் மந்திரி பூதலிங்கம். விஷக்காய்ச்சலில் படுத்து அப்போதுதான் எழுந்திருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். "செடிக்காகக் குளத்தைத் திறந்தால், பிள்ளைகள் எதைக் குடிக்கும், மன்னா?"

மந்திரி பதவி மேல் நயினாருக்கு நெடுநாளாக ஒரு கண். "அவ்வளவு கருணை உள்ளவர், தாமே இறைத்து ஊற்றட்டுமே!" என்று சிரித்தார். சபையும் சிரித்தது.

ராஜாவுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "சரி மந்திரியாரே! ஆடி பிறக்கும்வரை தோட்டம் உம் பொறுப்பு. யாரையும் ஏவக்கூடாது, கூலிக்கு வைக்கக்கூடாது, உதவி கேட்கக்கூடாது. தோட்டம் பட்டுப்போனால் குளத்தைத் திறப்பேன். உம் பதவியும் நயினாருக்கு."

"ஆகட்டும், அரசே."

"யாரும் உதவிவிடாதபடி நானே காவல் இருக்கிறேன்!" என்று முந்திக்கொண்டார் நயினார்.

மறுநாள் பூதலிங்கம் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பாதிக் கிணறு வருவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கயிறு நழுவிக் குடம் உள்ளே விழுந்தது. ஊர்க்குளக்கரையில் குடத்தோடு போகிற பெண்களின் பேச்சு மதிலைத் தாண்டி அவர் காதில் விழுந்தது.

கிணற்றடி மண்டபத்தில் நயினார் இடம் பிடித்திருந்தார். யார் உதவிக்கு வருகிறார்கள் என்று வாசலையே பார்த்தபடி, தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு. வியர்வை ஊற்றியது.

பூதலிங்கம் அவரைப் பார்த்தார். அவர் காலடியில் ஓடிய வியர்வையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நயினாரே, முகமெல்லாம் சிவந்துவிட்டதே! என்னால் உமக்குப் பித்தம் தலைக்கேறக் கூடாது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருமேன்."

"ஆகா! நான் அந்தப் பக்கம் போனதும் ஆள் கூப்பிடலாம் என்றா? என் ஆட்கள் இங்கேயே இறைத்து ஊற்றுவார்கள். நகரமாட்டேன்!"

அன்றிலிருந்து தொடங்கியது அபிஷேகம். காலையில் ஒன்று, உச்சிக்கு ஒன்று, வியர்த்தால் ஒன்று, சாப்பிட்டால் ஒன்று. நயினாரின் வேலைக்காரர்கள், மல்லர்கள் மாதிரி இருவர், இறைத்து இறைத்து அவர் தலையில் ஊற்றினார்கள். மந்திரியோ ஒரு சின்னக் களைக்கொத்தை வைத்துக்கொண்டு, நயினார் உட்கார்ந்து குளிக்கிற கல்லின் பின்புறம் குந்தி, மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். இளைத்தால் படுப்பார், எழுந்தால் கீறுவார். செடிகளின் வேரடியில் சருகை அள்ளிப் பரப்புவார்.

"மந்திரி ஒரு குடம்கூட இறைக்கவில்லை, அரசே. காய்ச்சலில் புத்தி பேதலித்து மண்ணில் விளையாடுகிறார்" என்று நயினார் மாலைதோறும் சபைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆடி பிறந்தது. வாடிய தோட்டத்தைப் பார்க்க மனமில்லாமல் அதுவரை ஒதுங்கியிருந்த ராஜா, மதகைத் திறக்க ஆட்களையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். வாசலைத் தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே நாடு முழுக்கச் சாம்பல் நிறம். உள்ளே பச்சை. பந்தல் தெரியாமல் முல்லை பூத்துக் கிடந்தது. வாழை குலை தள்ளியிருந்தது. எங்கிருந்தோ வந்த குருவிகள் ஈர மண்ணில் சிறகை உதறின. ராஜா செருப்பைக் கழற்றினார். குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. கோயிலுக்குள் நுழைந்தவர்போல அவர் குரல் தாழ்ந்தது. "மந்திரியாரே... இது என்ன மாயம்?"

நயினார் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "மோசடி! யாரோ உதவியிருக்கிறார்கள்!"

"காவல் இருந்தது நீர்தானே? யார் வந்தார்கள்?"

"நானும் என் ஆட்களும் தவிர ஒரு ஈ வரவில்லை, அரசே!"

"உண்மைதான், மன்னா" என்றார் பூதலிங்கம். "நான் ஏவவில்லை, கூலி தரவில்லை, கேட்கவுமில்லை. நயினார் குளித்தார். குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போனது. அதை இந்தப் பக்கம் வரச் சொன்னேன், அவ்வளவுதான். தண்ணீரைத் தூக்கத்தான் பலம் வேண்டும். திருப்ப ஒரு கைப்பிடி மண் போதும்."

எல்லோரும் குளிக்கிற கல்லின் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். விரல் அகல வாய்க்கால் ஒன்று அங்கிருந்து கிளம்பி, நரம்புபோலக் கிளைகிளையாகப் பிரிந்து, ஒரு செடியைக்கூட விடாமல் ஓடியது. நயினாரின் ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, அதுவும் வாய்க்காலில் ஓடியது.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "நயினாரே, உம்மால் பிழைத்த தோட்டம் இது! இனி மழை வரும்வரை, அரண்மனை வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்து வழிப்போக்கர்களுக்கு ஊற்றும். ஆட்கள் வேண்டாம், நீரே இறைத்து."

மந்திரிக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மதகு திறக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். எல்லோரும் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். ஒரே ஒரு குடம். அது மேலே வருவதற்குள் கை சிவந்து, மூச்சு வாங்கிவிட்டது. குடத்தைக் கீழே வைத்து நிமிர்ந்தார். மதிலின் அந்தப் பக்கம், குளத்திலிருந்து திரும்பும் பெண்கள் இடுப்பில் நிறைகுடத்தோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் மறையும்வரை ராஜா கைகூப்பியபடி நின்றார்.