நண்டு வளையைச் சுற்றி மணல் உருண்டைகள்

நண்டும் பறவையும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கடற்கரை ஈரமணலில் வளை தோண்டி, கடலாயி என்ற நண்டு தன் பதினோரு பிள்ளைகளோடு குடியிருந்தாள். தண்ணீர் வற்றியதும் பிள்ளைகள் மணலை அள்ளி வாயில் போட்டு, இரையைச் சலித்துத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருண்டையாக்கிக் கண்ட இடத்தில் துப்புவார்கள்.

ஒரு வருடம் அந்தக் கரைக்கு உள்ளான் குருவிகள் நிறைய வந்தன. அவற்றுக்கு நண்டுக்குஞ்சு என்றால் உயிர். எந்தப் பக்கம் மேயப் போனால் பயமில்லை என்று கடலாயி கேட்டாள். மூத்தவன் கொடுக்கன் பாறைப் பக்கம் போகவே கூடாது என்றான். இன்னொருத்தி பனைமரப் பக்கம்தான் மோசம் என்றாள். கடைக்குட்டி பொடிச்சி மட்டும் படகுப் பக்கம் நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"பயந்ததைச் சொல்லாதீங்க. பார்த்ததை மட்டும் வைங்க," என்றாள் கடலாயி. உச்சிவேளை வரை வாசலிலேயே இருந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு குருவி இறங்கினால், அந்தப் பக்கமாக ஓர் உருண்டை. வாசலில் தொடங்கி, ஒன்றையொன்று ஒட்டி வைக்க வேண்டும்.

கொடுக்கன் முதல் உருண்டையைத் தன் தலையளவு செய்தான். வந்த குருவி அவ்வளவு பெரியது என்றான். கடலாயிக்குச் சிரிப்பு வந்தது. "பெரிய குருவியும் ஒரு குருவிதான்டா. எல்லாம் ஒரே அளவா இருந்தாத்தான் எந்த வரிசை நீளம்னு தெரியும்." அவன் அதை உடைத்துச் சின்னதாக உருட்டினான்.

உச்சிவேளையில் பாறைப் பக்கம் நான்கு உருண்டைகள், பனைமரப் பக்கம் ஆறு, படகுப் பக்கம் ஒன்பது. படகு நிழலில்தான் மணல் ருசியாக இருக்கும். பொடிச்சி அந்த வரிசையைப் பார்த்தாள். மற்றவர்கள் திரும்பியிருந்த நேரம், அதிலிருந்து ஆறு உருண்டைகளைத் தட்டிவிட்டாள்.

கடலாயி வந்து பார்த்தாள். படகுப் பக்கம் மூன்றே மூன்று. அங்கேயே போகச் சொன்னாள்.

சற்று நேரத்தில் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கொடுக்கன் கடைசியாக வந்தான். அவனுடைய ஒரு கால் குருவியின் அலகோடு போய்விட்டது.

கடலாயி படகுப் பக்க வரிசையை மறுபடி எண்ணினாள். பொடிச்சி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"ம்மா, அதுல ஆறு உருண்டையை நான்தான் எடுத்தேன்."

கடலாயி அடிக்கவில்லை. அவளை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "அண்ணன் சட்டை உரிக்கிறப்போ கால் முளைச்சிடும். நீ போய் அந்த ஆறையும் வச்சுட்டு வா."

பொடிச்சி ஆறையும் ஒவ்வொன்றாக வைத்தாள். அப்புறம், அண்ணன் காலைக் கொண்டுபோன குருவிக்காகப் பத்தாவதாக ஒன்று உருட்டி வைத்தாள்.

பிறகு எல்லோரும் பாறைப் பக்கம் மேயப் போனார்கள். பொடிச்சி அண்ணனோடு சேர்ந்து மெதுவாகவே நடந்தாள்.

அன்று முதல்தான், தண்ணீர் வற்றியதும் நண்டுகள் தங்கள் வளையைச் சுற்றி ஒரே அளவு மணல் உருண்டைகளை வரிசை வரிசையாக வைக்கின்றன. வைத்த உருண்டையை எந்த நண்டும் மறுபடி தொடுவதில்லை. கடல் வந்துதான் அழிக்கிறது.