குனிந்த முதுகுகள்

சிட்னியில் ஒரு தமிழர் ரக்பி லீக் கழகம். பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுகிற ஆட்டம்; பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். அங்கே உடுப்புத் துவைக்கிறவர் அருளப்பு. கழகத் தலைவர் டாக்டர் ஞானசேகரம் ஒருநாள் மைதானத்தில் நின்று முழங்கினார்.

“இந்தக் காலத்து ஸ்க்ரம்மில ஆரும் தள்ளுறதில்லை. பக்கத்துக்கு ஆறு பேர் குனிஞ்சு கட்டிப்பிடிக்கிறாங்கள், பந்து வெளிய வர எழும்புறாங்கள். அதுக்கு மரியதாஸ் என்னத்துக்கு? முப்பத்தாறு வயசு! நாளைக்கு அணியில அவன் இல்லை.”

ஸ்க்ரம்மில் முன்வரிசையில் குனிகிற மரியதாஸ் தோளைத் தடவிக்கொண்டான். பத்து வருடமாக அந்தத் தோளின் சேற்றைக் கழுவியவர் அருளப்பு. அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, ஸ்க்ரம் இல்லாமல் நீங்களே ஒருக்கா பந்தோட ஓடுங்கோ. ஆரும் விழுத்த மாட்டினம், தொட்டால் அவுட்.”

தலைவர் டையைத் தளர்த்திக்கொண்டு ஓடினார். எதிரே பதின்மூன்று பேர் வேலிபோல நின்றார்கள். நாலாம் அடியில் தொட்டுவிட்டார்கள்.

“இப்ப ஸ்க்ரம்மோட ஓடுங்கோ.”

மரியதாஸும் ஐந்து பேரும் குனிந்தார்கள். எதிரணியில் ஆறு பேர் அவர்களோடு பிணைந்தார்கள். பந்து வெளியே வந்ததும் தலைவர் எடுத்துக்கொண்டு ஓடினார். மிச்ச ஏழு பேரால் அந்த அகலத்தை அடைக்க முடியவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தவர் சிறுபிள்ளைபோலக் கைதட்டினார்.

“பாத்தியளே! ஒருத்தனும் குறுக்க வரேல்லை!”

“வரவேண்டிய ஆறு பேரை ஆர் ஐயா பிடிச்சு வச்சிருந்தது?”

தலைவர் திரும்பிப் பார்த்தார். முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. கடைசியாக மரியதாஸ், நிலத்தில் கையூன்றி எழும்பப் பார்த்தான்.

ஞானசேகரம் நடந்துபோய்க் கைகொடுத்துத் தூக்கினார். அவன் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

“நாளைக்கு நேரத்தோட வா.”