கிண்ணம் மூழ்கும்வரை

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுகிற ராஜா அவர்.

ஒரு வருஷம் மழை பொய்த்து, ஏரி பாதிதான் நிறைந்தது. மதகை ஒட்டிய வயல் ராஜாவின் மைத்துனர் வயிரமேகருடையது. அவர் வயலில் எப்போதும் தண்ணீர் தளும்பியது. வாய்க்கால் முடிகிற கடைமடையில் பயிர் காய்ந்தது.

கடைமடைக்காரி பூங்காவி வாடிய கதிரோடு சபைக்கு வந்தாள். "மகாராஜா, பால் பிடிக்கிற நேரம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் பதர்தான்."

அமைச்சர் ஆதனார் எழுந்தார். "அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தொட்டியில் மிதக்க விடுவோம். அது நிறைந்து மூழ்கும்வரை ஒரு வயலுக்குத் தண்ணீர். பிறகு அடுத்த வயலுக்கு."

வயிரமேகருக்கு அமைச்சர் பதவிமேல் வெகுநாளாக ஒரு கண். "நெல்லை அளக்கலாம், நெய்யை அளக்கலாம். ஓடுகிற தண்ணீரை அளக்கிறாராம்!" என்று சிரித்தார்.

ராஜாவும் சிரித்தார். "ஆதனாரே, எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி பங்கு பிரித்துக் காட்டும். ஒருவர் குறை சொன்னாலும் உம் பதவி மைத்துனருக்கு!"

"சரி, மகாராஜா. ஆனால் பிரிப்பது வயிரமேகராக இருக்கட்டும். அந்தத் தண்ணீரை அவரைவிட அறிந்தவர் யார்? பிரித்து முடித்ததும் குடத்தில் ஓலை போட்டு எடுப்போம். யாருக்கு எந்த வயல் விழுகிறதோ, இந்தப் போகம் அந்த வயலின் விளைச்சல்தான் அவருக்கு."

"பலே! அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

அன்றிரவு வயிரமேகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடைமடை தனக்கு விழுந்துவிட்டால்?

மறுநாள் விடிந்ததும் அவரே செப்புக் கிண்ணம் கேட்டு வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி வாய்க்காலோடு நடந்தார். நண்டு வளைகளில் தண்ணீர் ஒழுகுவதைக் கண்டு களிமண் வைத்து அடைக்கச் சொன்னார். தம் வயலுக்கு வந்த தண்ணீரில் பாதி, வரப்பு வழிந்து ஓடைக்கு வீணாய்ப் போவதையும் அன்றுதான் பார்த்தார். "கடைமடைக்குப் போவதற்குள் வாய்க்காலே ஒரு பங்கைக் குடித்துவிடுகிறது. அங்கே இன்னொரு கிண்ணம் சேர்க்க வேண்டும்" என்றார்.

பங்கு முடிந்து சபை கூடியது. ஆதனார் ஒவ்வொருவராகக் கேட்டார். குறை சொல்ல யாருமில்லை.

"பூங்காவி, உனக்கு?"

"போதும் ஐயா. பயிர் பிழைச்சுக்கும்."

"அப்படியானால் அவரவர் வயல் அவரவருக்கே" என்று ஆதனார் குடத்தைக் கவிழ்த்தார். உள்ளே ஓர் ஓலைகூட இல்லை.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் மைத்துனரே, ஓடுகிற தண்ணீரை அளக்க முடியாது என்றீரே?"

வயிரமேகர் தலைகுனிந்து நின்றார். "என் சாப்பாடு கடைமடையில் விளையப் போகிறது என்று நினைத்தேன், மகாராஜா. அளக்க முடிந்தது."

ராஜா சிரிப்பை விட்டு எழுந்து வந்தார். அரண்மனைச் சாப்பாடு எந்த வயலில் விளைகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தம் கைக்காப்பைக் கழற்றி ஆதனாருக்கு அணிவித்தார். மதகுக் காவலை வயிரமேகரிடமே ஒப்படைத்தார்.

அந்தப் போகம் கடைமடையிலும் கதிர் முற்றியது. அறுவடை முடிந்த பிறகும் ஏரியில் மாடுகள் இறங்கிக் குடிக்கத் தண்ணீர் கிடந்தது. ராஜா எத்தனையோ உத்தரவுகளை மாற்றினார், அந்தக் கிண்ணத்தின் முறையை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை.