ஸ்தமாத்தா என்று உரக்கக் கூப்பிட்ட நாள்

கிரீட் தீவில் திக்தமோ என்னும் பச்சிலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அம்பு தைத்த மலையாட்டைச் சொல்வார்கள். அந்த இலையைத் தின்றதும் விலாவில் ஏறியிருந்த அம்பு தானாகக் கழன்று விழுந்ததாம். அடுத்து, காதலிக்கு ஒரு கொத்துப் பறித்துவரப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து செத்த வாலிபர்களைச் சொல்வார்கள். அவர்களுக்குப் பாட்டுகூட உண்டு. ஆட்டுக்குக் கதையில் இடம் இருக்கிறது, வாலிபனுக்கு இருக்கிறது, ஸ்தமாத்தாவுக்கு இல்லை. அவள் மிரோனின் நாலாவது மகள். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த பெண்ணைக் கதை சொல்கிறவர்கள் எண்ணுவதில்லை.

அந்தக் காலத்தில் பச்சிலைகளுக்குக் காலும் இருந்தது, வாயும் இருந்தது. வெள்ளை மலையின் அடிவாரத்து ஊரில் எந்தப் பெண்ணும் இலை பறிக்கக் காட்டுக்குப் போனதில்லை. அடுப்பு புகைந்தால் அவையே வாசலுக்கு வந்து, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்கும். ஆட்டுக்கறி என்றால் ஓரிகானோ முன்னால் வரும். மீன் என்றால் பெருஞ்சீரகம் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு வரும். வயிறு உப்பிய குழந்தைக்குப் புதினாவும், தூக்கம் பிடிக்காத கிழவருக்குச் சீமைச்சாமந்தியும் வரும். வந்த இலை பானையின் மேல் குனிந்து தன்னை உதிர்க்கத் தொடங்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதைப் பெண்தான் சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில் அதற்கு ஒரே சொல்: ஸ்தமாத்தா. நில், போதும், நிறுத்து என்ற மூன்று பொருளும் அதற்குள் அடங்கும்.

அந்தச் சொல்லை மெல்லத்தான் சொல்ல வேண்டும் என்பது கட்டுப்பாடு. மெல்லச் சொன்னால் உதிர்வது நிற்கும். உரக்கச் சொன்னால் எல்லாமே நின்றுவிடும் என்று பச்சிலைகள் எச்சரித்திருந்தன. எல்லாம் என்றால் எதுவரை என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆகவே அந்த ஊர்ப் பெண்கள் கணவனோடு கூரை பெயரச் சண்டை போடுவார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் மூச்சுக் காற்றில் வைத்துச் சொல்வார்கள்.

மிரோனுக்கு மூன்றும் பெண்ணாகப் பிறந்து நாலாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அவன் யோசித்து யோசித்துக் குழந்தைக்கு ஸ்தமாத்தா என்று பெயர் வைத்தான். நம் ஊர்களில் போதும்பொண்ணு என்று வைக்கிறார்களே, அதே அறிவுதான். பெண் பிறப்பதை ஒரு பெண்ணின் பெயரால் நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கைக்குக் கடல் ஒரு தடையாக இருந்ததில்லை.

பெயரிடும்போது திக்தமோ அங்கே இருந்தது. சாம்பல் பூத்த இலைகளும் வெளிர்சிவப்புப் பூவுமாக முழங்கால் உயரமே இருக்கும் சிறு செடி. பிள்ளை குறுக்கே நின்றாலும், நஞ்சுக்கொடி உள்ளே தங்கினாலும் வெளியே தள்ளித் தாயை மீட்பது அதன் வேலை. ஒன்றரை நாளாகக் கட்டிலருகே நின்று களைத்திருந்த அது சொன்னது:

"மிரோன், அது எங்க சொல்லு. அடுப்படியில மெதுவாச் சொல்றது. அதைத் தூக்கி ஒரு பிள்ளை தலையில வைக்காதே."

"ஏன், அந்தச் சொல்லை உங்க பேருக்கு எழுதி வெச்சிருக்கா?"

"பிள்ளைன்னா என்னைக்காவது ஒரு நாள் உரக்கக் கூப்பிட வேண்டி வரும்டா."

"கூப்பிடாம இருந்துட்டாப் போச்சு. மூணு பேரைக் கூப்பிட்டே தொண்டை காஞ்சு கிடக்கு எனக்கு."

பெற்றவளான எர்கினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அப்படியே ஸ்தமாத்தா கூப்பிடப்படாத பெண்ணாக வளர்ந்தாள். ஒரு முறை எர்கினா அடுப்பருகே, "ஸ்தமாத்தா, தண்ணி கொண்டா" என்று முணுமுணுக்க, பாதி உதிர்த்திருந்த ஓரிகானோ அப்படியே நிமிர்ந்துவிட்டது. கறியில் மணமில்லை என்று மிரோன் தட்டை எறிந்தான். அதன்பிறகு அவள் பெயர் ஏய், இந்தா, அவளே என்று ஆயிற்று. பொழுது சாயும்போது தெருவில் ஒவ்வொரு தாயும் தன் மகளை உரக்கக் கூப்பிடுவாள். இவள் மட்டும் தோழிகள் ஒவ்வொருத்தியாகப் போவதைப் பார்த்து, நேரம் அறிந்து, தானாக வீட்டுக்கு வரக் கற்றுக்கொண்டாள். மூத்தவளான ஆரெத்தி ஒருத்திதான் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவள். வேலை முடிந்ததும் தங்கையின் காதில் வாய் வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஸ்தமாத்தா, ஸ்தமாத்தா" என்பாள். காது கூசும். உலகத்திலேயே அது ஒன்றுதான் தன்னுடையது என்று சின்னவளுக்குத் தோன்றும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது ஊர் வேட்டைக்காரர்களுக்கும் திக்தமோவுக்கும் பகை மூண்டது. அம்பு தைத்த ஆடு ஓடிப்போய் அதன் காலடியில் படுக்கும், இரண்டு வாய் தின்னும், அம்பை உதறிவிட்டு மலையேறிவிடும். வேட்டைக்காரர்களுக்குத் தலைவன் வர்தாஸ். தோள் அகலம், அதைவிட வாய் அகலம். ஒரு நாள் அவன் செடியின் முன்னால் நின்று கேட்டான்:

"அம்பு என்னோடது. ஆடும் என்னோடது. நடுவுல நீ யாரு?"

"உள்ளே சிக்கினதை வெளியே தள்ளுறது என் வேலை. அது பிள்ளையா அம்பான்னு பார்க்கிறதில்லை. யாரோடதுன்னும் கேக்கிறதில்லை."

"இனிமே கேளு."

"உன்னைத் தள்ளும்போதும் கேக்காமத்தான் தள்ளினேன், வர்தாஸ். அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்."

கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதை வர்தாஸ் மறக்கவில்லை. மறுநாள் காலையில் ஆண்கள் களைக்கொத்துகளோடு கிளம்பித் திக்தமோச் செடிகள் அத்தனையையும் வேரோடு பெயர்த்துப் பாறைமேல் வெயிலில் போட்டார்கள். ஒரே ஒரு செடி தப்பி, ஆடுகளோடு ஆடாக மலை இடுக்கின் செங்குத்துப் பாறையில் ஏறத் தொடங்கியது. அது ஓடுவதைப் பார்த்து மற்ற பச்சிலைகளும் மூலைக்கொன்றாகச் சிதறின.

களைக்கொத்து எடுத்தவர்களில் மிரோனும் ஒருவன். அவன் வீட்டில், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த ஆரெத்திக்கு வலி எடுத்து அன்று மூன்றாம் நாள். பிரசவம் பெண்கள் சமாசாரம் என்பதால் வர்தாஸ் கூப்பிட்டதும் அவன் போய்விட்டான்.

"கால் முன்னால வருது" என்றாள் எர்கினா. கை முழங்கை வரை நனைந்திருந்தது. "திக்தமோ வந்தாத்தான். இல்லேன்னா என்னால ஆகாது."

ஆரெத்தியின் உதடு வெடித்திருந்தது. தங்கையைப் பார்த்து, "போய்க் கூட்டிட்டு வாடி" என்றாள்.

"நான் வர்ற வரைக்கும் இரு."

"எங்கே போகப் போறேன், இந்தப் பூசணிக்காயைத் தூக்கிக்கிட்டு?"

ஸ்தமாத்தா ஓடினாள். வழியில் பாறைமேல் வாடிக் கிடந்த செடிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உதறினாள். அதில் உயிர் இல்லை; செத்த இலையில் மருந்து தங்குவதில்லை. பாவாடையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பாறையில் கை வைத்தாள். நகம் பெயர்ந்தது. முட்டி கிழிந்தது. பனை உயரத்துக்கு மேல் ஏறியபோது திக்தமோ தலைக்கு மேல் ஒரு வெடிப்பில் ஒண்டி நிற்பதைக் கண்டாள்.

"இறங்கி வா. அக்காவுக்கு மூணாம் நாள். கால் முன்னால வருது."

"உங்க அப்பன் கையில என் சனத்தோட வேர் தொங்குது, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா வந்தே?"

"அவளுக்கு வேற யாரு இருக்கா? உனக்குக் கோவம் அவங்க மேல. பிடிச்சுக்கோ. பேறு முடிஞ்சதும் மறுபடி ஏறிப் போயிடு, நானே சுமந்துக்கிட்டு வந்து விடறேன். இனி ஒருத்தருக்கும் வராதே. அவளுக்கு மட்டும் வா."

செடி குனிந்து அவள் பெயர்ந்த நகங்களைப் பார்த்தது. காற்றில் அதன் இலை நடுங்கியது.

"உன் கை எட்டாது. நீ அசையாதே, வழுக்கும்" என்றது கடைசியில். "நான் வர்றேன். நாலு அடிதான்."

ஓர் அடி வைத்தது. வேரால் பாறையைத் தடவிப் பார்த்து இரண்டாவது அடி வைத்தது. ஸ்தமாத்தா ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறு கையை மேலே நீட்டினாள்.

கீழே ஆண்கள் கூடிவிட்டார்கள். வர்தாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"மிரோன், அங்கே பாருப்பா. உங்க வீட்டுக் கொடி என்னமாப் படருது! தொடை வரைக்கும் தரிசனம். ஊருக்கே இலவசம்."

சிரிப்பு எழுந்தது. மிரோனின் காது சிவந்தது. மூன்றாவது அடிக்குத் திக்தமோ வேரைத் தூக்கிய அந்தக் கணத்தில் அவன் கையைக் குவித்து வாயருகே வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஸ்தமாத்தா!"

பத்தொன்பது ஆண்டுகளாக வெட்டவெளியைப் பார்த்திராத பெயர் அது. மலை இடுக்கு அதை வாங்கி மூன்று முறை திருப்பிச் சொன்னது.

அவள் திரும்பினாள். தன்னை ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒரு மூச்சு நேரம் அவள் முகம் மலர்ந்தே விட்டது. பிறகுதான் அந்தச் சொல்லின் மற்ற பொருள் அவளுக்கு உறைத்தது. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

திக்தமோ ஒரு முழத்துக்கு அப்பால் பாறையோடு பாறையாக நின்றிருந்தது. வேர் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. "வா" என்றாள். "ஏதாவது பேசு" என்றாள். "ரெண்டு அடிதானே" என்றாள். காற்று அடித்தபோது இலை அசைந்தது; அதுவாக அசையவில்லை. கீழே காய்ந்த சரிவில் ஓடிக்கொண்டிருந்த ஓரிகானோ அந்தச் சரிவிலேயே நின்றது. பெருஞ்சீரகம் வழியோரத்தில் நின்றது. ஊற்றில் ஒளிந்த புதினா தண்ணீரில் கால் வைத்தபடியும், கோதுமை வயலுக்குள் புகுந்த சீமைச்சாமந்தி தலையை மட்டும் வெளியே நீட்டியபடியும் நின்றன. திருநீற்றுப்பச்சிலை யாரோ ஒருத்தியின் வீட்டுக்குள் அடைக்கலம் புகப் போய், வாசற்படி ஏறும் முன்பே நின்றுவிட்டது.

அந்த ஒரு முழத்துக்காக அவள் வெயில் சாயும் வரை போராடினாள். அங்கே பாறை கண்ணாடியாக இருந்தது. விரல் வைக்க ஒரு பிளவு கிடையாது. வெறுங்கையோடு இறங்கி வீட்டுக்கு வந்தபோது எர்கினா வெந்நீரைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த வீட்டில் ஒரு துளித் தண்ணீரும் மிச்சம் வைப்பதில்லை அந்த ஊரில்.

"எப்போம்மா?"

"இப்பத்தான். வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா." எர்கினா அண்டாவைக் கவிழ்த்தாள். "பிள்ளை வெளியவே வரலை. ரெண்டையும் ஒண்ணாத்தான் வைக்கணும்."

மிரோன் பின்னாலேயே வந்தான். "அவ விழுந்துடக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்" என்றான். துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அதையே சொன்னான். பெற்ற மனசு பதறாதா என்று ஊர் ஏற்றுக்கொண்டது. வர்தாஸின் சிரிப்பைக் காதால் கேட்டவர்கள்கூட ஏற்றுக்கொண்டார்கள். ஸ்தமாத்தா அவனுக்கு எதிரே நின்று, "நான் விழலையே, அப்பா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அவன் கால் கழுவப் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் தெருவின் கடைசி வீட்டில் இன்னொருத்திக்கு வலி எடுத்தது. ஸ்தமாத்தா மலையைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய், ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி, மேலிருந்து கீழே இறங்கினாள். தானாக உதிராத இலையை முதல்முறையாக ஒரு மனிதக் கை கிள்ளியது. அந்தப் பெண் பிழைத்தாள்.

பச்சிலைகள் ஊமையாகி, நின்ற இடத்திலேயே வேர்விட்டது அன்று முதல்தான். ஓரிகானோ காய்ந்த சரிவைவிட்டு இறங்காததும், திருநீற்றுப்பச்சிலை வாசல் தொட்டியில் மணத்துக்கொண்டு நின்றும் அந்த ஊர்ப் பானைக்குள் அவ்வளவாகப் போகாததும், திக்தமோ ஆள் ஏற முடியாத பாறையில் தொங்குவதும் அதனால்தான். எவ்வளவு போட்டால் போதும் என்று இலையிடம் சொல்லவும் வழியில்லை. சமைக்கிறவளும் வைத்தியம் பார்க்கிறவளும் கையால் அள்ளி, கண்ணால் அளந்து, தவறினால் தாங்களே பழி ஏற்கிறார்கள்.

ஸ்தமாத்தா முப்பத்தோரு ஆண்டுகள் கயிற்றில் இறங்கினாள். விழவில்லை. மணமும் முடிக்கவில்லை, பாறை ஏறிய பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. மிரோனையும் எர்கினாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். பிறகு முட்டி தேய்ந்து நடை போயிற்று. ஒரு பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, பதினாறு நாள் காய்ச்சலில் கிடந்து இறந்தாள். அந்தச் சளிக்கும் திக்தமோதான் மருந்து. ஊரில் கயிறு இருந்தது. அவளுக்காக ஒருவரும் மலை ஏறவில்லை.