காற்று கொடுத்த வாடை

மானும் மனிதனும் காற்றும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதருக்கென்று வாடை எதுவும் கிடையாது. ஆட்டுக்கு ஆட்டு வாடை இருந்தது. பாம்புக்குப் பாம்பு வாடை இருந்தது. மழை விழுந்த மண்ணுக்குக்கூட ஒரு மணம் இருந்தது. மனிதன் மட்டும் ஆற்றுக் கூழாங்கல் போல இருந்தான். பக்கத்தில் வந்து நின்றாலும் யார் மூக்குக்கும் தெரியாது.

அது ஆதியில் நடந்த பங்கீட்டால் வந்தது. காற்றுதான் உயிர்களுக்கெல்லாம் வாடையைப் பிரித்துக் கொடுத்தது. புலி தன் பங்கை வாங்கிக்கொண்டு போனது. காட்டுப்பன்றி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியது. மனிதர்களின் முறை வந்தபோது அவர்கள், "எங்களுக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். வாடை இல்லாவிட்டால் வேட்டை சுலபம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. காற்றும் சரியென்று அவர்கள் பங்கை ஒரு மலையிடுக்கில் பத்திரமாக வைத்துக்கொண்டது.

கணக்கு பலித்தது. மான்களுக்குக் கண்ணைவிட மூக்கின் மேல்தான் நம்பிக்கை அதிகம். மூக்கு ஒன்றும் சொல்லாதவரை அவை தலை குனிந்து மேய்ந்துகொண்டே இருக்கும். வேட்டைக்குப் போகிறவன் சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்திருந்தால் போதும். கிழங்கு தோண்டப் போவது போலப் போய், மானோடு திரும்பி வருவான்.

அந்த மலையடிவாரத்தில் நஞ்சன் என்ற வேட்டைக்காரன் இருந்தான். அவன் மனைவி கெம்பி. அவர்களுக்கு ஒரே மகள், தும்பி. நடை திருந்தியதிலிருந்து ஓரிடத்தில் உட்காராத குழந்தை. கெம்பியின் அண்ணன் மாதனும் பக்கத்துக் குடிசையில்தான் இருந்தான். நஞ்சனும் மாதனும் சேர்ந்தே வேட்டைக்குப் போவார்கள். அவர்கள் வீட்டில் இறைச்சிக்குக் குறையே இருந்ததில்லை. மலையில் மான்கள் குறைந்துகொண்டே வந்ததை அவர்கள் பெரிதாக நினைக்கவும் இல்லை.

பனிக்காலத்தில் ஒரு நாள் விடிந்தபோது மலை முழுவதும் மூடுபனி இறங்கியிருந்தது. நீட்டிய கை நீட்டியவனுக்கே தெரியவில்லை. கெம்பி அடுப்பில் கிழங்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பாயில் தும்பி இல்லை. வாசலில் கௌதாரிக் குஞ்சுகள் ஓடிய தடம் ஈர மண்ணில் இருந்தது. அதன் மேல் சின்னப் பாதத்தின் தடம். புல் தொடங்கிய இடத்தில் அந்தத் தடமும் மறைந்துவிட்டது.

"மாமா! புள்ள வெளிய போயிருக்கு!" என்று கெம்பி அலறினாள்.

நஞ்சனும் மாதனும் ஓடி வந்தார்கள். எல்லோருமாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பக்கத்தில் அருவி இரைந்துகொண்டிருந்தது. அவர்கள் குரலையும் அது விழுங்கியது, குழந்தை பதில் சொல்லியிருந்தால் அதையும் விழுங்கியிருக்கும். வேட்டை நாயைக் கூட்டி வந்து தும்பி படுத்திருந்த பாயைக் காட்டினார்கள். நாய் மோந்து பார்த்தது. பாயில் கோரைப்புல் வாடை இருந்தது. குழந்தையின் வாடை என்று எதுவும் இல்லை. அது நஞ்சனின் முகத்தைப் பார்த்து வாலைத் தாழ்த்திக்கொண்டது.

காட்டின் கீழ்ப்பக்கம் செங்குத்தான பள்ளம். நஞ்சனுக்கு அந்தப் பள்ளத்தின் நினைப்பாகவே இருந்தது. வில்லை எடுத்துக்கொண்டு பனிக்குள் நுழைந்தான். கையால் மரங்களைத் தடவித் தடவி நடந்தான். ஓரிடத்தில் கையில் பட்டது மரமில்லை. சூடாக இருந்தது, மூச்சு விட்டது. மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் மான்.

மான் துள்ளி விலகியது. ஆனால் ஓடவில்லை. அந்தப் பனியில் எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்கும் தெரியவில்லை.

"பயப்படாதே. நான் வேட்டைக்கு வரலே. என் புள்ளயக் காணோம். நீ எங்கயாச்சும் பாத்தியா?" என்றான் நஞ்சன்.

"பனியில யாரு யாரைப் பாக்கிறது?" என்றது மான். அதன் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மோந்து பாரேன். உன் மூக்குக்கு எட்டாதது உண்டா?"

"நீ கை வச்ச பிறகுதான் நீ வந்ததே எனக்குத் தெரிஞ்சுது. உன் புள்ளய எதை வச்சு மோந்து பாக்கிறது?"

 மான் ஓரடி கிட்டே வந்து அவன் முகத்தைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டது.

"போன மழைக்கு என் குட்டி காணாமப் போச்சு. அதுக்கு வாடை உண்டு. புல்லுல, இலையில, ஓடைக் கல்லுல எல்லாம் ஒட்டியிருந்துச்சு. அதையே பிடிச்சுக்கிட்டுப் போனேன். உன் குடிசை வாசல்ல போய் முடிஞ்சுது. எங்க போச்சுன்னாவது எனக்குத் தெரிஞ்சுது. உனக்கு அதுவும் இல்லே, பாவம்."

அது வஞ்சம் வைத்துப் பேசவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னது. நஞ்சன் கையிலிருந்த வில்லைக் கீழே வைத்தான். அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னாலேயே தடவித் தடவி வந்த கெம்பியும் மாதனும் அங்கே வந்து சேர்ந்தார்கள். மான் சொன்னதை அவர்களும் கேட்டிருந்தார்கள்.

நஞ்சன் எழுந்து தலையை உயர்த்திக் கூப்பிட்டான். "காத்தே! எங்க இருக்கே?"

மூடுபனி நாட்களில் காற்று மலையிடுக்கில் படுத்திருக்கும். அது சோம்பலோடு எழுந்து வந்து அவர்களைச் சுற்றியது.

"இந்தப் பனியைக் கலைச்சு விடு" என்றான் நஞ்சன்.

"மலை பூரா இறங்கியிருக்கு. வெயில் ஏறினாத்தான் கலையும்."

"அப்ப எங்க பங்கு வாடையக் குடு. எங்க ஆளுங்க அன்னிக்கு வேண்டாம்னாங்களே, அதைக் குடு."

காற்று கொஞ்சம் தயங்கியது. "வாங்கினா திருப்பித் தர முடியாது. புள்ளைக்கு மட்டும்னு கிள்ளியும் குடுக்க முடியாது. உங்க இனத்துக்கே சேத்துத்தான். மான் மோந்துக்கும், சிறுத்தையும் மோந்துக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

மாதன் பதறிப்போய் நஞ்சனின் தோளைப் பிடித்தான். "மச்சான், அவசரப்படாதே. வெயில் ஏறட்டும், தேடிரலாம். வாடை வந்துட்டா அப்புறம் ஒரு மானும் நம்ம கிட்ட நிக்காது. ஊரே பட்டினி கிடக்கும்."

"வெயில் ஏறுற வரைக்கும் பள்ளத்தோரம் அவ நின்னுக்கிட்டு இருப்பாளா அண்ணா?" என்று கேட்டாள் கெம்பி. மாதன் நஞ்சனின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் நஞ்சனைப் பார்த்தாள். "நீ கேக்கிறியா மாமா, இல்லே நான் கேக்கட்டுமா?"

"குடு" என்றான் நஞ்சன் காற்றிடம்.

காற்று அவர்கள் மேல் ஒருமுறை வீசியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நஞ்சனின் பிடரியில் வியர்வை அரும்பியது. அக்குளிலும் உள்ளங்காலிலும் தலைமயிருக்குள்ளும் ஏதோ கசிந்து பரவியது. மாதன் தன் தோளுக்குக் கீழே மோந்து பார்த்துவிட்டு, "ஐயய்யோ, இது நானா?" என்று முகத்தைச் சுளித்தான். அந்த நிலையிலும் கெம்பிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது.

மான் தலையை உயர்த்தியது. நாக்கை நீட்டி மூக்கை நக்கி ஈரமாக்கிக்கொண்டது. காற்றில் மிதந்து வந்ததையெல்லாம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தது.

"இது உன்னோடது. புளிப்பும் புகையும். இது அவளோடது. இது அவனோடது, சகிக்கலே. இன்னொண்ணு இருக்கு, ரொம்பச் சின்னது. காய்ஞ்ச பால் மாதிரி. பள்ளத்துப் பக்கம்."

"எங்களைக் கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டாள் கெம்பி.

"போறேன். உனக்காகன்னு நினைச்சுக்காதே. உன் புருசன் வாடை இப்ப எனக்குத் தெரியும். அடுத்த குட்டியாவது எனக்குத் தங்கும். அதுக்குக் கூலின்னு வச்சுக்கோ."

மான் முன்னால் போனது. கெம்பி அதன் முதுகில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். நஞ்சனும் மாதனும் அவள் பின்னால் போனார்கள். ஓடையைத் தாண்டி, மூங்கில் புதரைச் சுற்றி, பாறைச் சரிவில் இறங்கினார்கள். சரிவின் விளிம்பில் மான் நின்று முன்காலால் தரையை உதைத்தது. காடே அதிரும்படி ஒரு குரல் கொடுத்தது.

பாறையின் ஓரத்தில், சருகு மேட்டின் மேல், தும்பி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை புரண்டிருந்தால் பள்ளம்தான். அவளுக்கு மேலே பனிக்குள் மங்கலாக ஒரு சிறுத்தை மூக்கை நீட்டியபடி நின்றது. அதற்கும் அந்தப் புதிய வாடை எட்டியிருந்தது. மான் போட்ட சத்தத்தில், தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அதற்குப் புரிந்தது. ஆட்களும் சரிவில் இறங்குவதைக் கண்டு, தனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாதது போல மெல்லத் திரும்பிப் போய்விட்டது.

கெம்பி ஓடிப் போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். முத்தம் கொடுக்கத்தான் குனிந்தாள். குழந்தையின் உச்சந்தலையிலிருந்து மான் சொன்ன அந்தக் காய்ந்த பால் மணம் வந்தது. அதுவரை அவள் அறியாத மணம். அவள் முகத்தை அங்கேயே புதைத்துக்கொண்டு ஆழமாக இழுத்தாள். பிறகு நஞ்சனிடம் நீட்டினாள். அவனும் மோந்து பார்த்துவிட்டு அழுதான். தாய்மார்கள் பிள்ளையை அள்ளியதும் உச்சி முகர்வது இப்படித் தொடங்கியதுதான்.

தூக்கம் கலைந்த தும்பி, "குருவி போச்சு" என்று சிணுங்கினாள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது மான் போய்விட்டிருந்தது.

காற்று எச்சரித்த மாதிரியே பிறகு நடந்தது. மான்கள் நஞ்சனை அண்டவிடவில்லை. அவன் மலை ஏறும் முன்பே அவன் வாடை ஏறிவிடும். குடிகள் கிழங்கும் தேனும் ஓடை மீனும் தின்று நாளைத் தள்ளினார்கள். பட்டினி இல்லை, ஆனாலும் முணுமுணுப்பு இருந்தது. நஞ்சன் சீயக்காய் தேய்த்து ஓடையில் குளித்துவிட்டுப் போனான். மான்கள் சீயக்காயையும் சேர்த்து மோந்துவிட்டு ஓடின. சேற்றைப் பூசிக்கொண்டு போனான். பச்சிலைப் புகையில் இருமி இருமி உட்கார்ந்து எழுந்து போனான். மாதன் ஒரு நாள் மான் புழுக்கையை அரைத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு போனான். மான்களிடம் அது பலிக்கவில்லை. அன்றைக்கு அவன் மனைவி அவனைக் குடிசைக்குள் விடவில்லை.

ஒரு மாலை நஞ்சன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். புகை அவன் முகத்திலேயே வந்து அடித்தது.

"எதிர்ப்பக்கம் வந்து உக்காரு மாமா. புகை ஒரு பக்கம்தானே போகுது" என்றாள் கெம்பி.

சொல்லிவிட்டு அவளே கிளறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். "நம்ம வாடையும் அப்படித்தானே போகும்?"

நஞ்சன் வெளியே போய்க் காற்றைக் கேட்டான். காற்று சிரித்தது. "ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் நான் எப்படிப் போறது? நான் போற பக்கம் உன் வாடைய எடுத்துட்டுப் போவேன். நான் வர்ற பக்கம் நீ யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மானுக்கும் நியாயமா இருக்கணும், உனக்கும் நியாயமா இருக்கணும். நீ வந்து கேப்பேன்னு பாத்தேன், இத்தனை நாளா புழுக்கையப் பூசிக்கிட்டுத் திரிஞ்சீங்க."

மறுநாள் காலையில் நஞ்சன் காட்டின் ஓரத்தில் நின்று ஒரு பிடி மண்ணை எடுத்து விரல் இடுக்கில் ஒழுக விட்டான். தூசி அவன் வந்த பக்கமாகப் போனது. காற்று முகத்தில் படும்படி மெல்ல நடந்தான். நெடுநாளைக்குப் பிறகு, அம்பு எட்டும் தூரத்தில் ஒரு மான் தலை குனிந்து மேய்ந்தது. வில்லை வளைத்துவிட்ட பிறகுதான் அது யாரென்று கண்டான். பனியில் வழி காட்டிய அதே மான். அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.

நஞ்சன் வில்லைத் தளர்த்தினான். தான் அங்கே நிற்பதைக் கூப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் குட்டி மிரண்டு தாயைப் பிரிந்து ஓடிவிடும். அதனால் வந்த வழியே பின்வாங்கி, புதர்களைப் பெரிதாகச் சுற்றிக்கொண்டு, காற்று தன் முதுகில் படுகிற இடத்தில் போய் நின்றான். அவன் வாடை மெதுவாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மான் தலையைத் தூக்கி மூக்கை நக்கிக்கொண்டது. முன்காலால் ஒருமுறை தரையைத் தட்டியது. பிறகு அவசரப்படாமல் குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து போனது.

அன்று பொழுது சாயும் முன் வேறொரு சரிவில், தனியாகத் திரிந்த ஒரு கிழட்டுக் கலைமான் அவனுக்குக் கிடைத்தது. ஊரே கூடித் தின்றது. முணுமுணுத்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள். காற்றைக் கேட்டுப் போகிறவனுக்கு எப்போதாவது கிடைத்தது, போதுமான அளவு கிடைத்தது. மலையில் மான்களும் மறுபடி பெருகின.

மனிதருக்கும் மானுக்கும் இடையில் காற்று வந்து நின்றது அப்போதிருந்துதான். வேட்டைக்குப் போகிறவன் வில்லைத் தொடும் முன் மண்ணைத் தொட்டுத் தூவுகிறான். மானும் புல்லில் வாய் வைக்கும் முன் காற்றில் மூக்கை வைக்கிறது.