முயல் கிள்ளிய பூசணிப் பூக்கள்

குளக்கரையில் செவந்தி என்ற முயல் பூசணிக் கொடி போட்டிருந்தது. சும்மா ஒன்றும் போடவில்லை. மட்கிய இலை, காய்ந்த சாணம், இரண்டு வேளையும் தண்ணீர் என்று கொடியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது. செவந்திக்கு ஆறு குட்டிகள். கோடை வந்தால் அந்தக் கரையில் ஒரு புல் மிஞ்சாது. பூசணிக்காய்தான் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும்.

தை மாதம் கொடி பூத்தது. முதலில் வந்த பூக்கள் வெறும் நீளக் காம்பில் நின்றன. பின்னால் வந்த சில பூக்களின் அடியில் மட்டும் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தது.

"பிஞ்சு இல்லாத பூவுக்கு என் உரம் எதுக்கு? தண்டச்சோறு!" என்றது செவந்தி. தினமும் விடிந்ததும் அந்தப் பூக்களை மொட்டோடு கிள்ளிக் குட்டிகளுக்குப் போட்டது. குட்டிகளும் ருசித்துத் தின்றன.

ஒரு தேனீ வந்து கொடியைச் சுற்றிப் பார்த்தது.

"என்னக்கா, பாதிப் பூவைக் காணோமே?"

"வேலை செய்யாத பூவுக்கு இங்கே இடமில்லை. நீயும் ஓசியில தேன் குடிக்க வந்தவதானே? கிளம்பு."

"கிளம்பிட்டேன். அப்புறம் கூப்பிடாதீங்க" என்று தேனீ பறந்துவிட்டது.

நான்கே நாளில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. 'பக்கத்து வேலியில இருக்கிற அந்த அணில் கண்ணு வச்சிருக்கு' என்று முடிவு கட்டியது செவந்தி. ஓட்டைப் பானையில் கரிப்புள்ளி வைத்துக் கம்பில் கவிழ்த்து நட்டது. மறுநாள் இன்னும் ஏழு பிஞ்சு விழுந்தது. பானைக்கும் கண் பட்டதோ என்னவோ!

சண்டை போடுவது என்றே அணிலின் வேலிப்பக்கம் போனது செவந்தி. போன வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது. வேலி முழுக்கப் பூசணி காய்த்துக் கிடந்தது.

"என்னடா மந்திரம் போட்டே?"

"நான் எதுவுமே செய்யலையே அக்கா. விதையைத் துப்பினேன், முளைச்சுது" என்றது அணில்.

அந்த வேலியில் பிஞ்சில்லாத பூக்கள் கூட்டமாக நின்றன. அதில் ஒன்றிலிருந்து அதே தேனீ உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வந்தது. நேராகப் பிஞ்சுள்ள பூவுக்குள் நுழைந்தது.

"அங்கேயும் இங்கேயும் என்ன பண்றே?" என்று கேட்டது செவந்தி.

"அந்தப் பூவோட தூள் இந்தப் பூவில் பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். இது தெரியாமலா தோட்டம் போட்டீங்க?"

செவந்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "கோடைக்கு வேண்டியதை இப்பவே பிள்ளைங்களுக்குத் தின்னக் கொடுத்துட்டேனே. அதுங்க வயித்துல நானே அடிச்சுட்டேனே" என்று அழுதது.

தேனீக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்க. இனி கிள்ளாம இருங்க, நாளைக்கே வர்றேன்" என்றது.

சொன்னபடி வந்தது. ஆனால் கொடிக்கு வயதாகிவிட்டது. இருபது காய்க்க வேண்டிய கொடியில் நான்குதான் நின்றது. அந்தக் கோடையில் குட்டிகள் உயிர் தப்பியது அணில் உருட்டிவிட்ட ஐந்து காய்களால்தான். அடுத்த தையில் புதுக் கொடி பூத்தபோது செவந்தி ஒரு பூவையும் தொடவில்லை. கொடி முழுக்கக் காய்.

ஒன்று செய்யும் வேலை நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, அது வேலையே செய்யவில்லை என்று நினைத்துக் கிள்ளி எறியக் கூடாது.