கங்காணியின் ஏகாதசி

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி திருமங்கை அம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வடமலைக்கு அறுபத்தெட்டு.

வடமலை தேயிலை எஸ்டேட்டில் முப்பது ஆண்டு சங்கம் நடத்தியவர். கூலி உயர்வு கேட்டு ஃபாக்டரி வாசலில் பதினெட்டு நாள் உண்ணாவிரதம் இருந்து வென்றவர். கூலி வாங்கியவர்கள் அதை மறந்தார்கள். அவர் மறக்கவில்லை.

மடத்துப் பூனைக்குக் கங்காணி என்று பெயர் வைத்தவர் அவர்தான். எஸ்டேட்டில் கூலிகளை மேய்க்கும் கங்காணியைப் போல, பந்தியில் ஒவ்வொரு இலையாக மேற்பார்வை பார்த்துக்கொண்டு போகும். நெய்ச்சோறும் பாலும் தின்று கொழுத்த அந்தப் பூனை, ஒரு மாதத்தில் எலும்பாகிவிட்டது. தண்ணீர்ப் பானையை விட்டு நகரவில்லை.

சர்க்கரை நோய் என்றார் கால்நடை மருத்துவர். இனி சோறு இல்லை, பால் இல்லை, அவித்த மீன். காலை ஆறு, மாலை ஆறு, சாப்பிட்டதும் ஊசி.

"யார் போடுறது?" என்றார் அம்மாள்.

"நான் போடுறேன்மா. ஒரு கங்காணிய ஊசியால குத்தணும்னு முப்பது வருஷமா ஆசை."

முதல் நாள் சாக்கைப் போட்டு அமுக்கிக் குத்தினார். மறுநாள் பூனையைக் காணோம். சாக்கும் கையுமாக மடம் முழுக்கத் தேடினார்.

"எஸ்டேட்ல உங்களைத் தேடி போலீஸ் வந்தப்ப எங்க இருந்தீங்க?" என்றார் அம்மாள்.

"தேயிலைப் புதருக்குள்ள."

"அது விறகுக் குவியலுக்குள்ள இருக்கு."

வடமலை சாக்கைக் கீழே போட்டார். மூன்று நாள் வெறுங்கையோடு விறகுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊசி நேரத்தில் மட்டும் மீன் தட்டு. அது தின்னும்போது மெல்லக் குத்தினார். பத்தாம் நாள், மீன் அவிப்பதற்கென்று மாட்டுக்கொட்டகையில் போட்ட அடுப்பில் சட்டியை வைத்ததுமே பூனை தானாக வந்தது.

அதன் பிறகு ஒரு வேளையும் தப்பவில்லை. ஒரு நிமிடம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. மருத்துவர் சொன்னதில் 'சாப்பிட்டதும்' என்பதைவிட 'ஆறு மணி' என்பதே அவருக்குப் பிடித்திருந்தது.

ஏகாதசி வந்தது. அன்று மடத்தில் அடுப்பு எரியாது. மடத்துப் பூனைகூட விரதம் இருக்கிறது என்று யாத்திரிகர்கள் மெச்சுவார்கள். போடுவதற்கு ஒன்றும் இல்லாததால் அது தின்னவில்லை என்று எவருக்கும் தோன்றியதில்லை.

"கொட்டகை அடுப்பும் கூடாது," என்றார் காரியஸ்தர் சேஷையா. காரியஸ்தர்களுக்கு எந்தக் காலத்திலும் விதி தெரியும், வயிறு தெரியாது.

வடமலை எதிர்க்கவில்லை. "ஒரு நாள் பட்டினி என்ன செஞ்சிரும்? நான் பதினெட்டு நாள் கிடந்தவன்."

காலை ஆறு மணி அடித்தது. வெறும் வயிற்றிலேயே ஊசி போட்டார்.

எட்டு மணிக்குப் பூனை கோணலாக நடந்தது. பிறகு விழுந்து வலிப்பில் உதறியது.

அம்மாள் ஓடிவந்து அதன் ஈறில் தேனைத் தடவினார். தன் துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனார். மதியம்தான் அது கண் திறந்தது.

"வெறும் வயித்துல ஊசி போட்டதால சர்க்கரை இறங்கிருச்சு. சாயங்காலம் முதல்ல வயிறு நிறையணும், பிறகு பாதி மருந்து," என்றார் மருத்துவர். "தின்னலைன்னா ஊசியே கூடாது. கூப்பிடுங்க."

திரும்பும் வழியில் அம்மாள் மீன் வாங்கினார். நேராகக் கொட்டகைக்குப் போய் அடுப்பில் சுள்ளி அடுக்கினார்.

"அம்மா, இன்னிக்கு ஏகாதசி! நூறு வருஷ வழக்கம்," என்றார் சேஷையா.

"தெரியும். தீப்பெட்டி எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அம்மாளே எழுந்து எடுத்தார். சுள்ளி ஈரம். புகைந்ததே தவிர, பற்றவில்லை.

வடமலை தூரத்திலேயே நின்றார். "இனிமே நான் ஊசியத் தொட மாட்டேன்மா. வேற யார்கிட்டயாவது குடுங்க."

அம்மாள் இருமிக்கொண்டே ஊதினார்.

"பசின்னா என்னன்னு இந்த மடத்துல என்னைவிட யாருக்குத் தெரியும்? பதினெட்டு நாள்மா! நான் எப்படித் தவறினேன்?"

அம்மாள் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

"அந்த உண்ணாவிரதத்துக்கு முன்னால தீர்மானம் போட்டீங்களா?"

"போட்டோம். நான்தான் முதல் கையெழுத்து."

"பூனைகிட்ட யாரு கையெழுத்து வாங்குனது?"

வடமலை கிட்டே வந்து ஊதுகுழலை வாங்கினார். கண் சிவக்கச் சிவக்க ஊதினார். நெருப்புப் பிடித்தது.

மீன் ஆறியபோது ஆறு மணி அடித்தது. சேஷையா வாசலில் நின்று, "மணி ஆயிடுச்சே சங்கத்தலைவரே, குத்தலையா?" என்றார்.

பூனை தட்டில் முகர்ந்தது. ஒரு துண்டைத் தின்றது. நிறுத்தியது. மறுபடி தின்றது.

மணி ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் வடமலை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.